படகா, பள்ளிக்கூடமா?

கேள்வி: ஒரு கோடீஸ்வரர் கால்பந்து மைதானம் நீளத்துக்குச் சொகுசுப் படகு வாங்குகிறார். அதே அளவு சம்பாதித்த இன்னொருவர் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் கட்டித் தருகிறார். ஆடம்பரமா, அறமா என்பதைப் பெரும் பணக்காரர்கள் எப்படித்தான் தீர்மானிக்கிறார்கள்? என்னிடம் அவ்வளவு பணம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பாதியைக் கொடுத்துவிடுவேன்.

பதில்: கேள்வியோடு ஒரு தராசையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். ஒரு தட்டில் படகு, மறு தட்டில் பள்ளிக்கூடம். அந்தத் தராசு உங்களுக்கும் எனக்கும் பொருந்தும். மாதச் சம்பளத்தில் கொஞ்சம் எடுத்து யாருக்காவது கொடுத்தால், அந்த மாதம் நம் வீட்டில் ஏதோ ஒன்று குறையும். அவர்கள் வீட்டில் எதுவும் குறையாது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒருவரிடம் 1,000 கோடி டாலர் இருக்கிறது. ஆண்டுக்கு 5 சதவீதம் வளர்ந்தாலே 50 கோடி. நாளொன்றுக்குச் சுமார் 13 லட்சத்து 70 ஆயிரம் டாலர், அவர் குறட்டை விட்டுத் தூங்கினாலும். 20 கோடிக்கு ஒரு படகு வாங்கட்டும். மாலுமிகள், எரிபொருள், பராமரிப்பு எல்லாம் சேர்த்து, விலையில் பத்தில் ஒரு பங்கு ஆண்டுச் செலவு என்று அந்தத் தொழிலில் ஒரு தோராயக் கணக்குச் சொல்வார்கள். அது ஒரு 2 கோடி. இன்னும் 28 கோடி கையில் நிற்கிறது. அதில் தாராளமாகப் பள்ளிக்கூடமும் கட்டலாம், மருத்துவமனையும் கட்டலாம். வருஷக் கடைசியில் பார்த்தால் அந்த 1,000 கோடி வைத்தது வைத்தபடி இருக்கும். இருப்பது ஒரு வயிறு, ஒரு முதுகு. ஒரே ராத்திரியில் எத்தனை மெத்தையில் படுத்துவிட முடியும்?

ஆக, படகு வாங்குகிறவரும் பள்ளிக்கூடம் கட்டுகிறவரும் பல நேரங்களில் ஒரே ஆள்தான். பணத்தின் பெரும்பகுதி இந்த இரண்டுக்குமே போவதில்லை. அது பாட்டுக்குப் பங்குகளாகக் கிடந்து குட்டி போட்டுக்கொண்டிருக்கிறது. உங்கள் தராசில் ஏறாத அந்த மூன்றாவது குவியல்தான் எனக்கு உறுத்துகிறது.

அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் இதை நேராகவே ஒப்புக்கொண்டார். சொத்தில் பாதிக்கு மேல் கொடுப்பதாகப் பணக்காரர்கள் உறுதி கூறும் ‘கிவிங் பிளெட்ஜ்’ திட்டத்தை, 2010-இல் கேட்ஸ் தம்பதியரோடு சேர்ந்து தொடங்கியவர் அவர். தன் சொத்தில் 99 சதவீதத்துக்கு மேல் கொடுக்கப்போவதாக அப்போது எழுதிய கடிதத்தில், இதனால் தன் வாழ்க்கையில் எதுவும் மாறப்போவதில்லை என்றார். சினிமாவையோ வெளியில் சாப்பிடுவதையோ விட்டுவிட்டுக் காசு போடுகிறாரே ஒரு சாதாரண ஆள், அவர் இழப்பதைத் தான் இழக்கவில்லை என்றும் சொன்னார். 1958-இல் 31,500 டாலருக்கு வாங்கிய வீட்டை விட்டு நகராத மனிதர். அதே ஆள்தான் தன் நிறுவனத்துக்குத் தனி விமானம் வாங்கி, அதற்கு ‘நியாயப்படுத்த முடியாதது’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் பெயரும் வைத்தார். இந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். விமானம் விமானம்தான் என்பது வேறு விஷயம்.

சரி, எப்படித் தீர்மானிக்கிறார்கள்? மனசாட்சி நள்ளிரவில் தட்டி எழுப்பும் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். பெரும்பாலும் வரி ஆலோசகரின் மேஜையில்தான் முடிவாகிறது, அதுவும் கம்பெனியை விற்று, பெரிய வரி கட்ட வேண்டிய வருஷத்தில். அமெரிக்காவில் ஒரு தனியார் அறக்கட்டளை வைத்தால், அதன் சொத்தில் ஆண்டுக்குச் சுமார் 5 சதவீதம் செலவிட்டாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்தத் தொல்லையும் வேண்டாமென்றால் இன்னொரு வழி உண்டு. பணம் யாருக்குப் போகலாம் என்று கொடுத்தவரே பிறகு ஆலோசனை சொல்லும் நிதிக் கணக்கு (donor-advised fund) ஒன்றில் பணத்தைப் போட்டுவிடலாம். வரிச் சலுகை அந்த வருஷமே வந்துவிடும். பணம் தேவைப்பட்டவர் கைக்கு எப்போது போக வேண்டும் என்று கெடு எதுவும் கிடையாது. கொடுத்தாயிற்று, ஆனால் யாருக்கும் போய்ச் சேரவில்லை. எனக்கென்னவோ படகே மேல் என்று தோன்றுகிறது. மாலுமிக்காவது சம்பளம் கிடைக்கிறதே.

அப்புறம், கொடுப்பதே ஒரு சொகுசாக ஆவதும் உண்டு. பணக்காரனாகச் சாகிறவன் அவமானத்தோடு சாகிறான் என்று 1889-இல் எழுதிய அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி, சொன்னபடியே வாரிக் கொடுத்தார். உலகமெங்கும் 2,509 நூலகங்கள் அவர் பணத்தில் எழுந்தன. இடையில் 1892-இல் அவருடைய ஹோம்ஸ்டெட் இரும்பாலையில் கூலியைக் குறைத்தார்கள். தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். தனியார் காவல் படை வந்து இறங்க, இரு தரப்பிலும் ஆட்கள் செத்தார்கள். சங்கம் நொறுங்கியது. கார்னகி அப்போது ஸ்காட்லாந்தில் இருந்தார். நூலகம் நல்லதுதான், நான் மறுக்கவில்லை. உலைக்கு முன்னால் 12 மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவன் எந்த நேரத்தில் போய்ப் புத்தகத்தைப் புரட்டுவான்? அவனுக்குக் கூலி வேண்டுமா, நூலகம் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. தன் பணம் எங்கே போகவேண்டும் என்று தானே முடிவுசெய்யும் அந்தச் சுகம் இருக்கிறதே, அதை எந்தப் படகும் தராது.

அந்தச் சுகத்தோடு வரும் பெயரையும் புகழையும் வேண்டாமென்று விட்டவர் என்று எனக்குத் தெரிந்து ஒருவரைச் சொல்லலாம்: சக் ஃபீனி. விமான நிலையங்களில் வரியில்லாப் பொருள் விற்கும் கடைகளில் சம்பாதித்தவர். பல ஊர்களில் வீடு, விருந்து என்று அவரும் ஒரு காலம் வாழ்ந்து பார்த்தார். ஒட்டவில்லை. 1984-இல் கம்பெனியில் தனக்கிருந்த 38.75 சதவீதப் பங்கை ஓர் அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். வெளியே மூச்சு விடவில்லை. ரகசியம் காக்க அறக்கட்டளையை அமெரிக்காவுக்கு வெளியே, பெர்முடா தீவில் பதிவு செய்திருந்தார்; அதனால் வரிச் சலுகையையும் இழந்தார். கட்டடங்களில் பெயர் போடக் கூடாது என்பது பணம் பெறுகிறவர்களுக்கு நிபந்தனை. இதில் வேடிக்கை, 1988-இல் ஃபோர்ப்ஸ் பத்திரிகை அவரை 130 கோடி டாலர் பணக்காரர் என்று போட்டு, அமெரிக்காவில் 23-ஆம் இடமும் கொடுத்தது. பணம் அவர் கையை விட்டுப் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது! 1997-இல் கம்பெனி கைமாறியபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

மணிக்கட்டில் மலிவான பிளாஸ்டிக் கைக்கடிகாரம், கையில் காகிதங்களைத் திணித்த ஒரு பிளாஸ்டிக் பை, விமானத்தில் சாதாரண வகுப்பு, கடைசிக் காலத்தில் வாடகை வீடு. 800 கோடி டாலருக்கு மேல் கொடுத்து முடித்து, 2020-இல் அறக்கட்டளையையே இழுத்து மூடினார். 2023-இல் 92 வயதில் போய்ச் சேர்ந்தார். அவரையும் நான் கோயில் கட்டிக் கும்பிடச் சொல்லவில்லை. அத்தனை பணம் பல்கலைக்கழகங்களுக்குள் ரகசியமாகப் போனால், யார் பணம், எதற்காக என்று பொதுமக்கள் எப்படிக் கேட்பது? நியாயமான சந்தேகம்தான். ஆனால் மூன்றாவது குவியலை மிச்சம் வைக்காமல் காலி செய்தார். தனக்கென்று வைத்துக்கொண்டது ஏறக்குறைய 20 லட்சம் டாலர்.

இனி உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். பாதியைக் கொடுத்துவிடுவேன் என்கிறீர்கள். நல்லது. மேலே போட்ட கணக்குப்படி மீதிப் பாதியில் உங்களுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 7 லட்சம் டாலர் சேரும். அதை என்ன செய்வதாக இருக்கிறீர்கள்? அதையும் எழுதியிருக்கலாமே.