அமாவாசை பார்த்து ராமேஸ்வரம் போங்கள்

கேள்வி: தேவகோட்டையில் இருக்கிறோம். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், நான் தையல். இரண்டும் சேர்த்து மாதம் 28,000 ரூபாய் வருகிறது. 10 வயதிலும் 4 வயதிலும் இரண்டு பிள்ளைகள், கூடவே மாமியார். காலாண்டு விடுமுறையில் மூன்று நாள் ராமேஸ்வரம் போய்வர ஆசை. மாமியாருக்குத் தீர்த்தமாட வேண்டும், பிள்ளைகளுக்குக் கடல் பார்க்க வேண்டும். சங்கிலியை அடகு வைத்து 25,000 வாங்கலாமா?

பதில்: வேண்டாம் சகோதரி. 12 சதவீத வட்டி என்று வைத்தாலும் 25,000-க்கு மாதம் 250 ரூபாய். சிறிய தொகைதான். ஆனால் டூர் கடனுக்கு அசல் கட்டும் தேதி தள்ளிக்கொண்டே போகும். ஒரு வருஷம் ஓடினால் 3,000 ரூபாய் வட்டி. ஊர் திரும்பிய பிறகு கட்டும் அறை வாடகை அது.

வட்டியைவிட நீங்கள் சொல்லும் தேதிதான் எனக்கு உறுத்துகிறது. காலாண்டு விடுமுறையை ஒட்டித்தான் பெரும்பாலும் மகாளய அமாவாசை வரும். ராமேஸ்வரத்தில் அறை வாடகையை முடிவு செய்வது பஞ்சாங்கம். ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளில் தர்ப்பணம் கொடுக்க வரும் கூட்டத்தில் நிற்க இடமிருக்காது. பஞ்சாங்கம் பார்க்காமல் ஒரு தை அமாவாசைக்கு முதல் நாள் நானே குடும்பத்தோடு போய் இறங்கினேன். வழக்கத்தைவிட மூன்று மடங்கு வாடகை கேட்டார்கள். பேரம் பேசவும் வாய் வரவில்லை, கொடுத்தேன். கணக்குச் சொல்லிப் பிழைக்கிறவனுக்கு இது தேவைதான். அரையாண்டு விடுமுறைக்குத் தள்ளலாமென்றால் அப்போது ஐயப்ப பக்தர்கள் கூட்டம், மழையும் இருக்கும்.

ஆகவே மே மாதத்துக்குத் தள்ளுங்கள். வெயில் கொளுத்தும், சரி. அமாவாசையும் சனி, ஞாயிறும் இல்லாத மூன்று நாளாகப் பாருங்கள். ஆகஸ்டிலிருந்து ஏப்ரல் வரை மாதம் 2,000 ரூபாய் வங்கி ஆர்.டி.யில், அதாவது மாதாமாதம் கட்டும் சேமிப்பில் போடுங்கள். ஒன்பது மாதத்தில் 18,000. வட்டி 6 சதவீதம் என்றால் சுமார் 450 ரூபாய் சேரும், ஐந்து பேர் ஒருவேளை டிபனுக்கு ஆகும். அஞ்சலக ஆர்.டி. இதற்கு ஒத்துவராது, அது ஐந்து வருஷத் திட்டம்.

தேவகோட்டை ரஸ்தாவில் ரயில் ஏறுங்கள். திருச்சியிலிருந்து காலையில் வரும் வண்டி தோதானது. சின்னவனுக்கு அதற்குள் ஐந்து வயதாகாவிட்டால் டிக்கெட் வேண்டாம். பெரியவனுக்கு முன்பதிவு செய்து தனி இருக்கை கேட்டால் முழு டிக்கெட், முன்பதிவில்லாப் பெட்டியில் அரை டிக்கெட். மாமியாருக்குச் சலுகை கிடையாது, முதியோர் சலுகை 2020 மார்ச்சிலேயே நின்றுபோனது. முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும், மார்ச்சிலேயே தயாராக இருங்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் வண்டி போகும்போது பிள்ளைகளை ஜன்னலோரம் உட்கார வையுங்கள். இருபுறமும் கடல், தனியாகப் படகு சவாரிக்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

ரயிலுக்கு 1,500, இரண்டு இரவு அறைக்கு 4,000, சாப்பாட்டுக்கு 5,000, கோயிலுக்கும் தீர்த்தத்துக்கும் 1,500, உள்ளூர் ஆட்டோவுக்கும் தனுஷ்கோடிக்கும் 2,500 ஒதுக்குங்கள். ஆக 14,500. மிச்சம் கைக்காவலாக இருக்கட்டும். ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். பழைய நினைப்பில் 12 போட்டிருந்தால் பில்லைக் காட்டிக் கேளுங்கள். நம்ம ஊர்ப் பழைய செட்டிநாட்டு வீட்டில் ஓர் இரவு தங்க வெளியூர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள். நாம் அங்கே போய் அந்த ராஜபோகம் தேட வேண்டாம். கோயிலுக்கு நடந்துபோகும் தூரத்தில் சுத்தமான அறை கிடைத்தால் ஆட்டோ செலவும் குறையும்.

முதல் நாளுக்குக் கட்டுச்சோறு எடுத்துப் போங்கள். புளியோதரை, சீடை, மாவுருண்டை போதும். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடிக்கு இப்போது அரிச்சல்முனை வரை சாலை இருக்கிறது, அரசுப் பேருந்தும் போகிறது. ஆட்டோ பேசினால் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். அங்கே பிள்ளைகளைக் கடலில் இறக்காதீர்கள், இழுப்பு அதிகம். குளிக்க அக்னி தீர்த்தக் கரை போதும். கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடினால் மாமியார் நனைந்து நடுங்குவார், மாற்றுப் புடவையைக் கையோடு கொண்டுபோங்கள்.

சங்கு, சிப்பிக் கடைக்குப் பிள்ளைகள் கையில் தலைக்கு 200 ரூபாய் முதலிலேயே கொடுத்துவிடுங்கள். மேற்கொண்டு கேட்டால் அப்பத்தாவிடம் அனுப்புங்கள்.