ஓசெட் கடற்கரைப் பாதை: எந்த ஊர் வற்றம், எந்தக் கடிகாரம்?

கேள்வி: வாஷிங்டன் மாநிலத்தின் பெல்வியூவில் வசிக்கிறோம். மார்ச் கடைசி வாரத்தில் நானும் மனைவியும் பதினொரு வயது மகளும் ஒலிம்பிக் தேசியப் பூங்காவில் காடும் கடலோரமுமாகச் செல்லும் ஓசெட் முக்கோணப் பாதையை ஒரே நாளில் நடந்துவர எண்ணியிருக்கிறோம். இணையத்தில் ஒரு முகவர் ‘ஒருநாள் அனுமதியும் ஓத வழிகாட்டியும்’ என்று ஆளுக்கு 45 டாலர் கேட்கிறார். அவர் மாதிரிக்கு அனுப்பிய அட்டவணையில் அன்றைய வற்றம், அதாவது கடல்நீர் மிகத் தாழ்ந்திருக்கும் நேரம், பிற்பகல் 1:10 என்று இருக்கிறது. மேலே சியாட்டில் என்று போட்டிருக்கிறது. பணம் கட்டலாமா? அந்த நேரத்தை வைத்துக் கிளம்பினால் போதுமா?

பதில்: பணம் கட்டாதீர்கள், அந்த நேரத்தை வைத்துக் கிளம்பவும் வேண்டாம். ஓசெட்டில் காலையில் போய் மாலையில் திரும்புகிறவர்களுக்கு அனுமதிச் சீட்டு என்ற ஒன்றே கிடையாது. கூடாரம் போட்டு இரவு தங்குகிறவர்களுக்குத்தான் அது தேவை. உங்களுக்கு வேண்டியது பூங்கா நுழைவுக் கட்டணம் மட்டுமே. அது ஆள் கணக்கில் இல்லை, காருக்கு 30 டாலர், ஏழு நாளைக்குச் செல்லும். இல்லாத சீட்டுக்கு மூவரிடமும் காசு கேட்கிற ஒருவர், அதோடு சேர்த்துத் தருகிற அட்டவணையையாவது சரியாகத் தந்திருக்கிறாரா என்றால் அதுவும் இல்லை. எனக்குக் கோபம் வருவது அந்த இடத்தில்தான். ஏனென்றால் காசு போனால் போகட்டும், தவறான ஓத நேரம் உயிர் சம்பந்தப்பட்டது.

சென்னையில் கடலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஓதம் பெரிய விஷயமாகத் தோன்றாது, அங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஒரு மீட்டர் அளவே வேறுபாடு. ஓசெட் பக்கத்துக் கரையில் சராசரியாகவே எட்டு அடிக்கு மேல். வற்றத்தின்போது நீங்கள் நிம்மதியாக நடந்து போன அதே பாறைத் தளம் சில மணி நேரத்தில் உங்கள் தலைக்கு மேல் தண்ணீரோடு இருக்கும். அதிலும் தண்ணீர் ஒரே சீராக ஏறுவதில்லை. வற்றத்திலிருந்து ஏற்றம் வரை ஏறக்குறைய ஆறு மணி நேரம் என்றால், நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்திலேயே பாதி உயரம் ஏறிவிடும். ‘இன்னும் நேரம் இருக்கிறது’ என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே வழி அடைபடுவது இதனால்தான்.

சியாட்டில் நகரம் திறந்த கடலில் இல்லை. பசிபிக்கிலிருந்து வரும் ஓதம் ஹுவான் டி ஃபூக்கா நீரிணை வழியாக உள்ளே புகுந்து, பியூஜெட் சவுண்டில் திரும்பி, சியாட்டிலை எட்ட நான்கு மணி நேரத்துக்கு மேலாகிறது. ஆக, சியாட்டிலில் பிற்பகல் 1:10-க்கு வற்றம் என்றால் ஓசெட் கரையில் அது காலை ஒன்பது மணி வாக்கிலேயே முடிந்துவிட்டது. நீங்கள் அவருடைய நேரத்துக்குப் போய் நிற்கும்போது கடல் முக்கால்வாசிக்கு மேல் ஏறியிருக்கும். நோவா எனப்படும் அரசு அமைப்பின் ஓதக் கணிப்புப் பக்கத்தில் ஓசெட்டைப் போலவே திறந்த கடலோரத்தில் உள்ள லா புஷ் என்ற நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள். காசு கிடையாது, ஒரு நிமிட வேலை.

அடுத்தது கடிகாரம். இதைச் சற்றுப் பொறுமையாகப் படியுங்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறு அன்று இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறோம். சில அட்டவணைகள் அந்த மாற்றத்தைச் சேர்த்தே அச்சாகின்றன. வேறு சில, ஆண்டு முழுவதும் கடிகாரத்தைத் தள்ளாத பழைய நேரத்திலேயே இருக்கின்றன. சேர்க்காத அட்டவணையில் வற்றம் 9:00 என்றால் உங்கள் கைக்கடிகாரத்தில் அது 10:00. இதைத் தெரியாமல் போனால் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேருவீர்கள், பெரிய கேடில்லை. ஆனால் ஏற்கெனவே சேர்த்த அட்டவணையில் நீங்களும் ஒரு மணியைக் கூட்டிவிட்டால் ஒரு மணி நேரம் தாமதமாகப் போவீர்கள், ஆபத்து அதில்தான். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஓதம் நாளுக்கு நாள் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும். அந்த ஞாயிற்றுக்கு முந்தின நாளையும் அந்த ஞாயிற்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இரண்டு மணி நேரத்தை நெருங்கினால் மாற்றம் சேர்க்கப்பட்டிருக்கிறது, வழக்கம்போல ஒரு மணிக்குச் சற்று முன்பின்னாக இருந்தால் சேர்க்கப்படவில்லை.

சாலை நிலவரம் ஓர் அலுவலகத்தில், பாதை நிலவரம் இன்னோர் அலுவலகத்தில், ஓதம் மூன்றாவதில், அலை எச்சரிக்கை நான்காவதில் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். புதிதாக வருகிற ஒரு குடும்பம் இத்தனை கதவுகளையும் தட்ட வேண்டியிருக்கிறது. இந்த இடைவெளியில்தான் முகவர்கள் கடை விரிக்கிறார்கள். பாதை தொடங்குமிடத்தில் அன்றைய வற்ற நேரத்தை ஒரு பலகையில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தால் பாதிப் பேருக்குக் குழப்பமே வராது. பல ஆண்டுகளாகக் கேட்டு அலுத்துவிட்டேன்.

இனி உங்கள் நாளுக்கு வருவோம். முக்கோணம் மொத்தம் ஒன்பது மைலுக்குச் சற்று மேல், ஏறத்தாழ 15 கிலோமீட்டர். ஓசெட் ஏரியிலிருந்து கேப் அலாவா வரை காட்டுக்குள் 3.3 மைல், அங்கிருந்து சாண்ட் பாயிண்ட் வரை கடலோரமாக 3.1 மைல், பிறகு மறுபடி காட்டு வழியாகத் திரும்ப வேண்டும். கடலோர மூன்று மைல்தான் நாளைத் தின்னும். கூழாங்கல்லும் கடற்பாசி மூடிய பாறையுமாக இருப்பதால் மகளோடு நடக்க மூன்று மணி நேரம் வையுங்கள். வற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு அலாவாவில் கரைக்கு இறங்கிவிட வேண்டும். அதாவது ஏரிக்கரையிலிருந்து மூன்றரை மணி நேரம் முன்பே கிளம்ப வேண்டும். பெல்வியூவிலிருந்து ஓசெட்டுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் பயணம் என்பதால், முதல் நாள் இரவே போர்ட் ஏஞ்சலஸிலோ கிளாலம் பேயிலோ தங்குங்கள். 112-ஆம் நெடுஞ்சாலை மழைக்காலத்தில் மண்சரிவால் அடைபடுவதுண்டு, கிளம்புமுன் பாருங்கள். உங்கள் தேதியில் வற்றம் அதிகாலையிலோ பொழுது சாயும் நேரத்திலோ விழுந்தால் தேதியை மாற்றுங்கள், நேரத்தை இழுத்துப் பிடிக்கப் பார்க்காதீர்கள். மார்ச் கடைசியில் ஏழரை மணி வாக்கில் சூரியன் மறையும். காட்டுக்குள் அதற்கு முன்பே இருட்டிவிடும்.

ஆண்டுக்கு ஏறத்தாழ 100 அங்குலம் மழை பெய்யும் கரை அது. காட்டு வழியில் கால் வைப்பது பெரும்பாலும் சீடார் மரப் பலகைகளின் மேல். மார்ச்சில் அவை பாசி பிடித்த குளத்துப் படித்துறை போல வழுக்கும். இருநூறு டாலருக்குக் கடைக்காரர் எடுத்துத் தரும் கெட்டி அடிப் பூட்ஸ் அந்தப் பலகையில் உதவாது. மென்மையான ரப்பர் அடியுள்ள சாதாரணக் காலணியே போதும்.

வழியில் வெட்டிங் ராக்ஸ் என்ற இடத்தில், அந்தக் கரையின் பூர்வகுடிகளான மக்கா இனத்து முன்னோர்கள் பாறையில் செதுக்கிய திமிங்கிலங்களும் முகங்களும் ஒரு பாய்மரக் கப்பலும் இருக்கின்றன. மகள் அங்கிருந்து நகர மாட்டாள், அரை மணி நேரம் ஒதுக்குங்கள். தொட மட்டும் விடாதீர்கள். ஆனால் தண்ணீர் வழியை அடைப்பதும் அந்த இடத்தில்தான். மரங்களின் ஓரமாகக் கறுப்பும் சிவப்புமாக ஒரு வட்டத் தகடு அடித்திருக்கும். மேலேறிக் காட்டு வழியாகச் சுற்றிப் போகலாம் என்பதற்கு அதுவே அடையாளம். தண்ணீர் பாறையின் அடியைத் தொட்டுவிட்டால் அலைக்கு நடுவே ஓடிக் கடக்க முயலாமல் அந்தத் தகட்டைத் தேடி ஏறிவிடுங்கள். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பெரிய மரத்தண்டுகளின் மேலும் ஏற வேண்டாம். ஒரே அலை அவற்றைத் தூக்கிப் புரட்டிவிடும், தண்ணீரும் அப்போது பத்து டிகிரி செல்சியஸுக்குக் கீழேதான் இருக்கும். அங்கே கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது. லா புஷ் அட்டவணையைத் தாளில் எழுதி, நனையாத உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.