காலேஜ் ஃபீஸ்: வாசகர் கேள்விகளுக்கு பதில்கள்

கேள்வி: பையனுக்கு நாலு வருஷ கோர்ஸ்ல சீட் கிடைச்சிருக்கு. எங்க சேமிப்பு முதல் ரெண்டு வருஷ ஃபீஸுக்கு சரியா வரும். அதை இப்போ கட்டிட்டு மூணாவது வருஷம் லோன் வாங்கிக்கலாமா, இல்ல இப்பவே வாங்கணுமா?

பதில்: அம்மா, வட்டி கணக்கு மட்டும் பார்த்தா நீங்க சொல்றது சரிதான், கடனை எவ்வளவு தள்ளி வாங்குறோமோ அவ்வளவு வட்டி மிச்சம். ஆனா எனக்கு இதுல ஒரு பயம் இருக்கு. ரெண்டு வருஷம் கழிச்சு வீட்டு நிலைமை எப்படி இருக்கும்னு இன்னைக்கு யாராலயும் சொல்ல முடியாது, சம்பாதிக்கிறவருக்கு வேலை போயிருக்கலாம், வேற ஏதாவது கடன்ல தவணை தவறியிருக்கலாம், அந்த நேரத்துல பேங்க் முடியாதுன்னு சொல்லிட்டா சேமிப்பும் தீர்ந்திருக்கும், படிப்பும் பாதியில நிக்கும். அமெரிக்காவுல கல்விக்கடன் கட்ட முடியாம திணறுறவங்கள்ல பெரிய தொகை வாங்கினவங்களை விட, சின்ன தொகை வாங்கி படிப்பை முடிக்காம விட்டவங்கதான் அதிகம். டிகிரி இல்லாததால நல்ல சம்பளம் இல்ல, கடன் மட்டும் அப்படியே நிக்குது. அதனால படிப்பு முடியிற வரைக்கும் பணத்துக்கு வழி இருக்கான்னு பார்க்கிறதுதான் முதல் வேலை.

பல இடங்கள்ல நாலு வருஷத்துக்கும் சேர்த்து லோன் சாங்ஷன் வாங்கிட்டு, அந்தந்த வருஷ ஃபீஸை மட்டும் அப்பப்போ எடுத்துக்கலாம். எடுத்த பணத்துக்குதான் வட்டி ஓடும், சாங்ஷன் ஆன மொத்தத்துக்கும் இல்ல. இந்த வசதி இருக்கா, எடுக்காம விட்டா அதுக்கு ஏதும் கட்டணம் உண்டான்னு நீங்க போற பேங்க்ல கேளுங்க. இருந்தா இப்பவே சாங்ஷன் வாங்கி வச்சுட்டு முதல்ல உங்க பணத்தை கட்டுங்க, ஆனா மொத்தத்தையும் கட்டிடாதீங்க, கொஞ்சம் கையில இருக்கட்டும். ஹாஸ்டல், புத்தகம், லேப்டாப், பஸ் செலவுன்னு ஃபீஸ் ரசீதுல வராத செலவு நிறைய, எல்லாத்துக்கும் லோன் கிடைக்காது. இன்னொண்ணு, முதல் வருஷ ஃபீஸை நாலால பெருக்கி கணக்கு போடாதீங்க, ஒவ்வொரு வருஷமும் ஃபீஸ் ஏறுமான்னு காலேஜ்ல எழுத்துல கேட்டு வாங்குங்க.

கேள்வி: படிக்கிற வரைக்கும் லோன் கட்ட வேண்டாம்னு சொல்றாங்க. அப்போ அதுவரைக்கும் வட்டி கிடையாதுன்னுதானே அர்த்தம்?

பதில்: இல்லைங்க. இதை தப்பா புரிஞ்சுக்கிட்டு மாட்டிக்கிறவங்க ரொம்ப பேர், அதனால கணக்காவே சொல்றேன். 1,00,000 கடன், 10 சதவீத வட்டி, முழு தொகையும் முதல் நாளே எடுத்தாச்சு, படிப்பு 4 வருஷம்னு வச்சுக்கோங்க. படிக்கிறப்போ தனி வட்டிதான்னாலும் படிப்பு முடியிறப்போ 40,000 சேர்ந்திருக்கும், அதை அசலோட சேர்த்துட்டாங்கன்னா இனிமே நீங்க 1,40,000க்கு வட்டி கட்டணும். 10 வருஷத்துல அடைக்க மாசம் சுமார் 1,850, மொத்தம் கிட்டத்தட்ட 2,22,000. அதே கடனுக்கு படிக்கிறப்பவே மாசம் 833 வட்டி மட்டும் கட்டிட்டு வந்தா, பிறகு வர்ற தவணை சுமார் 1,322தான், மொத்தம் 1,98,600 பக்கம். 23,000க்கு மேல மிச்சம். முழு வட்டி முடியலைன்னா பாதியாவது கட்டுங்க, அதுவும் உதவும்.

சில கடன்ல படிக்கிற காலத்து வட்டியை அரசாங்கமே கட்டும், குடும்ப வருமானத்தை பொறுத்தது, அது உங்களுக்கு உண்டான்னு முதல்ல விசாரிங்க. வட்டி விகிதம் மாறுமா நிலையா இருக்குமா, முன்கூட்டியே அடைச்சா அபராதம் உண்டா, இதெல்லாம் கையெழுத்துக்கு முன்னாடி தெரியணும். ஜாமீன் போடுற மாமாவோ சித்தப்பாவோ யாரா இருந்தாலும், நீங்க கட்டலைன்னா கடன் அவங்க தலையிலதான் விழும்னு அவங்களுக்கு தெளிவா சொல்லிட்டு கையெழுத்து வாங்குங்க, பாவம் நிறைய பேர் சும்மா ஒரு ஃபார்மாலிட்டின்னு நினைச்சு போடுறாங்க.

கேள்வி: என் மார்க் சுமார்தான். எனக்கெல்லாம் ஸ்காலர்ஷிப் கிடைக்குமா?

பதில்: தம்பி, எல்லா ஸ்காலர்ஷிப்பும் மார்க்கை பார்த்து தர்றது இல்ல. குடும்ப வருமானத்தை பார்த்து தர்றது ஒரு பக்கம் இருக்கு, அது போக குறிப்பிட்ட பாடம் படிக்கிறவங்களுக்கு, வீட்டுல முதல் ஆளா காலேஜ் போறவங்களுக்கு, விளையாட்டுக்கு, மாற்றுத்திறனாளிகளுக்கு, அப்பா அம்மா வேலை பார்க்கிற கம்பெனியோ தொழிற்சங்கமோ தர்றதுன்னு எவ்வளவோ இருக்கு. திருப்பி கட்ட வேண்டாத பணம் இது, அதனால லோனுக்கு அலையிறதுக்கு முன்னாடி இதை தேடுங்க. சிலதுக்கு அட்மிஷனுக்கு முன்னாடியே கடைசி தேதி முடிஞ்சிடும், சீட் கிடைக்கட்டும்னு காத்திருக்க வேண்டாம்.

கிடைச்சா ரெண்டு விஷயம் கேளுங்க. அடுத்த வருஷமும் தொடர என்ன மார்க் வேணும்? வெளியில இருந்து ஒரு ஸ்காலர்ஷிப் வந்தா காலேஜ் தர்ற சலுகையை குறைச்சிடுவாங்களா? சில காலேஜ்ல குறைப்பாங்க. முன்பணம் கட்டினா ஸ்காலர்ஷிப் நிச்சயம்னு யாராவது போன் பண்ணா அது மோசடி, அந்த நிமிஷமே போனை வச்சிடுங்க.

கேள்வி: ஜெர்மனியில படிப்பு ஃப்ரீயாமே, உண்மையா?

பதில்: அரசு யூனிவர்சிட்டிகள்ல பெரும்பாலும் டியூஷன் ஃபீஸ் இல்ல, வெளிநாட்டுக்காரங்களுக்கும்தான். ஆனா பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்துல 2017ல இருந்து ஐரோப்பிய யூனியனுக்கு வெளியே இருந்து வர்றவங்க செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணும். அது போக, ஒரு வருஷம் தங்கி சாப்பிட பணம் இருக்குன்னு விசாவுக்கு காட்டணும், ஸ்காலர்ஷிப் இல்லாதவங்க பெரும்பாலும் அதுக்குன்னு ஒரு அக்கவுன்ட்ல அந்த தொகையை முன்னாடியே போட்டு வைப்பாங்க. அந்த தொகை வருஷா வருஷம் மாறலாம், இந்த வருஷம் எவ்வளவுன்னு ஜெர்மன் தூதரக வெப்சைட்டுல பார்த்துட்டு அப்ளை பண்ணுங்க.