ஊடகம் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு: திருகோணமலையில் இருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

தொடர்பாடல், ஊடகக் கற்கை பற்றி வந்த கேள்விகளில் அடிக்கடி திரும்பத் திரும்ப வந்தவற்றை எடுத்திருக்கிறேன். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். சிலதுக்கு நாலு வரி போதும், சிலதுக்கு நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

உயர்தரத்தில் கலைப்பிரிவு முடித்துவிட்டேன். தொடர்பாடல் படிக்க ஆசை. கோணேசபுரி வளாகம் (கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம்) வீட்டுக்குக் கிட்ட. ஆனால் "ஊருக்குள்ளேயே கிடந்தால் முன்னுக்கு வரமாட்டாய், கொழும்புக்குப் போ" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எதை முதலில் போடுவது? (உப்புவெளி)

தங்கச்சி, சொல்கிறவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: கொழும்பில் எந்தப் பாடநெறி, எந்த மொழியில்? பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. தெற்கில் உள்ள பல்கலைக்கழகங்களிலும் ஊடகக் கற்கை இருக்கிறது, களனியில் இருக்கிறது, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீபாலி வளாகம் ஹொரணையில் இருக்கிறது, ஆனால் விரிவுரை எந்த மொழியில் நடக்கிறது, பரீட்சையை எந்த மொழியில் எழுதலாம் என்று பார்க்காமல் விருப்ப வரிசையில் போட்டுவிட்டு முதல் வருடத்திலேயே தவித்துப் போகிற பிள்ளைகள் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் ஊடகக் கற்கைகள் இருக்கிறது, அதையும் பாருங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருடா வருடம் வெளியிடும் கையேட்டை நீங்களே உட்கார்ந்து வாசியுங்கள், ரியூசன் சேர் சொன்னதை மட்டும் நம்பிப் படிவம் நிரப்ப வேண்டாம். இசட் புள்ளியின் (பல்கலைக்கழக அனுமதிக்கு உயர்தரப் பெறுபேற்றைத் தரப்படுத்திக் கணிக்கிற புள்ளி) வெட்டுப்புள்ளி ஒவ்வொரு வருடமும் மாறும், போன வருடத்துக் கணக்கை வைத்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியாக இருக்கவும் வேண்டாம்.

இனி ஊருக்குள் கிடப்பது பற்றி. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல், வணிகக் கற்கைகள் பீடம் இருக்கிறது. அதைவிடப் பெரிய விஷயம் வளாகத்துக்கு வெளியே இருக்கிறது. நிலாவெளி வீதியில் ஒரு பக்கம் ஹோட்டல்கள், இன்னொரு பக்கம் கரைவலை இழுக்கிறவர்கள், கொஞ்சம் தள்ளித் துறைமுகம், எண்ணெய்த் தாங்கிகள், கொட்டியாரக் குடாவுக்கு அங்கால், சனம் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த சம்பூர். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சந்தையில் மீன் வாங்குகிற ஊர் இது. செய்தி சேகரிக்கப் பழகுகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல பயிற்சிக் களம் எங்கே இருக்கிறது? பெரிய நிறுவனங்களின் தலைமையகங்கள் கொழும்பில்தான், அது உண்மை. அதற்குத் தொழிற்பயிற்சிக் காலத்தில் போகலாம். வளாகத்தில் விசாரிக்கும்போது மூன்றைக் கேளுங்கள்: கலையகத்தில் மாணவர்களுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும், செய்முறைக்கு எத்தனை புள்ளி, தொழிற்பயிற்சி இடத்தை யார் ஒழுங்கு செய்கிறார்கள்.

மகள் மீடியாதான் படிப்பேன் என்று நிற்கிறாள். வேலை கிடைக்குமா? பெண் பிள்ளை, பாதுகாப்பும் யோசனையாக இருக்கிறது. (தம்பலகாமம், தந்தை)

ஐயா, உங்கள் பயத்தைச் சும்மா தட்டிக்கழிக்க மாட்டேன். முதலில் வேலை. செய்தி நிறுவனங்களில் ஆரம்பச் சம்பளம் குறைவு. மாவட்ட நிருபர்களில் பலருக்கு மாதச் சம்பளமே இல்லை, பிரசுரமாகிற செய்திக்குத்தான் காசு. அதை நம்பி மட்டும் ஒரு குடும்பம் நடத்த முடியாது. ஆனால் இந்தப் பட்டம் பத்திரிகைக்கு மட்டும் போவதில்லை. உயர்தரத்தில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் ஒரு பாடம், அதைப் படிப்பிக்க ஆசிரியர்கள் வேண்டும். அரச சார்பற்ற நிறுவனங்கள், ஹோட்டல்கள், வங்கிகள், அரச திணைக்களங்களின் ஊடகப் பிரிவுகள், மொழிபெயர்ப்பு, இவற்றிலெல்லாம் நன்றாக எழுதவும் பேசவும் தெரிந்த பிள்ளைக்கு இடம் உண்டு. மூன்று மொழியும் ஓரளவு கைவந்தால் இன்னும் கூடுதல்.

பாதுகாப்பைப் பற்றி நான் மழுப்பினால் அது உங்களுக்கும் நியாயமில்லை, பிள்ளைக்கும் நியாயமில்லை. 2006 ஜனவரி 2ஆம் திகதி நம் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். குண்டு வெடித்துத்தான் இறந்தார்கள் என்று அதிகாரத் தரப்பில் சொல்லப்பட்டது. சுடர் ஒளிப் பத்திரிகையின் நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் அவர்கள் உடலில் இருந்த துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின. படங்கள் பத்திரிகையில் வந்தன. அதே மாதம் 24ஆம் திகதி காலை, வேலைக்குப் போகப் புறப்பட்டவரை நகரத்துக்குள்ளேயே சுட்டுக் கொன்றார்கள். அந்தக் கொலைக்கு யாரும் தண்டிக்கப்படவில்லை. இதை மறைத்துவிட்டு உங்கள் மகளை இந்தத் துறைக்கு வா என்று கூப்பிட என்னால் முடியாது. அவர் செய்ததைச் செய்ய ஆள் இல்லாமல் போயிருந்தால் அந்த ஐந்து பிள்ளைகளின் பெற்றோருக்கும் என்ன மிஞ்சியிருக்கும் என்பதையும் யோசியுங்கள். இன்று நிலைமை அப்படியே இல்லை, ஆனாலும் காணி, மணல், போதைப்பொருள் பற்றி எழுதினால் மிரட்டல் வரும். எப்படிக் குழுவாகப் போவது, குறிப்புகளை எங்கே வைப்பது, மிரட்டல் வந்தால் யாரிடம் முறையிடுவது என்பதெல்லாம் படித்துப் பழக வேண்டிய விஷயங்கள். அதைச் சொல்லிக் கொடுக்காத விரிவுரையாளரிடம் உங்கள் மகளே கேட்க வேண்டும்.

பெண் பிள்ளை என்பதற்காக நான் சொல்வது வேறு. வேலைக்குச் சேரும்போது இரவுப் பணி முடிந்தால் வாகனம் உண்டா, தொந்தரவு நடந்தால் முறையிட ஆள் யார் என்று எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். அதே நிறுவனத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணிடம் தனியாகப் பேசச் சொல்லுங்கள். மற்ற எந்த விசாரணையும் அவ்வளவு பயன்படாது.

முதல் வருடம். லாஸ்வெல், ஷனன், கட்ஸ் என்று தொடர்பாடல் கோட்பாட்டாளர்களின் பெயராகவே வருகிறது. பாடமாக்கி எழுதுகிறேன், இரண்டு நாளில் மறந்து போகிறது. இந்தக் கோட்பாடெல்லாம் எதற்கு? (கிண்ணியா)

தம்பி, பாடமாக்குவதால்தான் மறக்கிறது. ஒவ்வொன்றையும் உங்கள் ஊர்ச் சம்பவம் ஒன்றில் வைத்துப் பாருங்கள்.

2020 டிசம்பர் 2 இரவு புரெவி புயல் திரியாய், குச்சவெளிப் பக்கமாகக் கரையேறியது. வளிமண்டலவியல் திணைக்களம் எச்சரித்தது, அனர்த்த முகாமைத்துவக் காரர்கள் சொன்னார்கள், வானொலி சொன்னது. சரி, உங்கள் வீட்டில் யார் சொல்லிக் கேட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டீர்கள்? கிராம சேவகரா, பள்ளிவாசல் ஒலிபெருக்கியா, மீனவர் சங்கத் தலைவரா, வாட்ஸ்அப்பில் மாமா அனுப்பிய குரல் பதிவா? 1948இல் லாஸ்வெல் கேட்ட ஐந்து கேள்வியும் இதுதான்: யார் சொன்னார், என்ன சொன்னார், எந்த வழியாக, யாருக்கு, என்ன விளைவு. இதற்குள் நீங்கள் "வானொலி கேட்டோம், ஆனால் சங்கத் தலைவர் படகை மேலே ஏற்றச் சொன்ன பிறகுதான் நம்பினோம்" என்று சொன்னால், 1955இல் கட்ஸும் லாசர்ஸ்ஃபெல்டும் எழுதிய இரு படி ஓட்டம் அங்கேயே வந்துவிட்டது. செய்தி ஊடகத்தில் இருந்து நேரே எல்லோருக்கும் போவதில்லை, ஊர் மதிக்கிற சிலரிடம் போய் அவர்கள் வழியாக மற்றவர்களுக்குப் போகிறது. இனி யோசியுங்கள், அந்த ஊர் மதிக்கிற ஆட்கள் எல்லோரும் ஆண்களாக இருந்தால், வீட்டில் தனியாக இருந்த பெண்ணுக்குச் செய்தி எப்போது போனது? இது பரீட்சைக் கேள்வி மாதிரி இருந்தாலும் உயிர்ப் பிரச்சினை.

ஷனனைப் பிடிக்க 2004க்குப் போங்கள். டிசம்பர் 26 காலை சுமத்ராவுக்கு அருகே நிலம் அதிர்ந்து ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் அலை கிழக்குக் கரைக்கு வந்தது. அந்த இரண்டு மணித்தியாலத்தில் உலகத்தின் நிலநடுக்க நிலையங்களுக்கு விஷயம் தெரியும், கிண்ணியாவில் நின்றவர்களுக்குத் தெரியாது. இந்து சமுத்திரத்துக்கு அப்போது சுனாமி எச்சரிக்கை முறையே இல்லை. அனுப்புகிறவர் இருக்கிறார், பெறுகிறவர் இருக்கிறார், நடுவில் வழி இல்லை. அனுப்புகிறவர், வழி, பெறுகிறவர் என்று ஷனன் போட்டுக் காட்டிய பெட்டிகளும் அம்புக்குறிகளும் தொலைபேசிப் பொறியியலில் இருந்து வந்தவை, மனிதர்கள் பேசுவதை அது முழுதாகச் சொல்லாது, ஆனால் எங்கே அறுந்தது என்று தேடுவதற்கு நல்ல கருவி.

இன்னும் ஒன்று செய்து பாருங்கள். ஒரு வாரத்து வீரகேசரி, தினகரன் முதல் பக்கங்களை எடுத்து, திருகோணமலை எத்தனை தரம் வந்தது, என்னத்துக்காக வந்தது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். துறைமுகமும் அரசியலும்தான் வந்ததா, தோப்பூரின் குடிதண்ணீர் வந்ததா? பிறகு மெக்கோம்ஸும் ஷோவும் 1972இல் வெளியிட்ட நிகழ்ச்சி நிரல் கோட்பாட்டை, அதாவது ஊடகம் எதைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறதோ அதையே மக்கள் முக்கியம் என்று நினைக்கிறார்கள் என்பதை, திறந்து வாசியுங்கள், சாகும் வரை மறக்காது.

வீடியோ செய்ய நல்ல கமரா வாங்கத்தான் வேண்டுமா? அப்பா நகை அடகு வைத்துத் தருகிறேன் என்கிறார். (மூதூர்)

வேண்டாம். நகை வீட்டிலேயே இருக்கட்டும். கையில் இருக்கிற போன் போதும், சட்டையில் குத்துகிற சின்ன மைக் ஒன்று மட்டும் வாங்குங்கள், நம் கடற்காற்றில் அது இல்லாமல் ஒரு சொல்லும் கேட்காது. படம் கொஞ்சம் மங்கினால் ஆட்கள் பொறுப்பார்கள், குரல் விளங்காவிட்டால் போய்விடுவார்கள். மூதூர் வ. அ. இராசரத்தினம் பிறந்து எழுதிய மண், கதை சொல்லும் பழக்கம் உங்கள் ஊரில் நிறையவே இருக்கிறது. வயதான ஒருவரை இருத்திப் பத்து நிமிடம் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள், அதை மூன்று நிமிடமாகச் சுருக்கிப் பாருங்கள்.

சிங்களம் தெரியாமல் ஊடகத்தில் சமாளிக்கலாமா? (திருக்கடலூர்)

சமாளிக்கலாம், ஆனால் எப்போதும் இன்னொருவர் மொழிபெயர்த்துத் தந்ததையே எழுதிக்கொண்டிருப்பீர்கள். பொலிஸ் அறிக்கையும் அமைச்சரின் பேச்சும் பெரும்பாலும் சிங்களத்தில்தான் முதலில் வரும். கந்தளாயிலோ சேருவிலவிலோ ஒரு விவசாயியிடம் அவர் மொழியில் நாலு கேள்வி கேட்கத் தெரிந்தால் உங்கள் செய்தியின் தரமே மாறிவிடும். பேசப் பழகுங்கள், எழுத்து பின்னால் வரட்டும்.

நண்பர்களுடன் முகநூலில் செய்திப் பக்கம் நடத்துகிறேன். விபத்துப் படம் போட்டால்தான் ஆட்கள் பார்க்கிறார்கள். அது பிழையா? (சீனன்குடா)

பிழை. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. அந்தத் தாய்க்குச் செய்தி போவதற்கு முதல் மகன் வீதியில் கிடக்கிற படம் போனில் வருகிறது என்றால், நீங்கள் செய்தது ஊடக வேலை இல்லை. வீதியின் வளைவைப் படமெடுங்கள், வெளிச்சம் இல்லாத சந்தியைப் படமெடுங்கள், ஏன் அந்த இடத்தில் திரும்பத் திரும்ப விபத்து நடக்கிறது என்று வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் கேளுங்கள். சிறுவர்களின் முகத்தையும் பாடசாலைப் பெயரையும் போடவே வேண்டாம். பாலியல் வன்முறைக்கு ஆளானவர் யார் என்று தெரியும்படி எதையும் பிரசுரிப்பது நம் நாட்டுச் சட்டப்படி குற்றம், பெயரைப் போடாமல் ஊரையும் தெருவையும் தகப்பனின் தொழிலையும் போடுவதும் அதில் அடங்கும். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் வாசித்து வையுங்கள், பொய்யான கூற்று என்று அது எதைச் சொல்கிறது என்பது பக்கம் நடத்துகிற உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தச் சட்டம் பேச்சுரிமையை நெருக்குகிறது என்று எதிர்க்கிறவர்கள் பலர், அவர்களின் வாதத்தையும் வாசியுங்கள்.

இசட் புள்ளி போதவில்லை. எல்லாம் முடிந்ததா? (குச்சவெளி)

இல்லை. இலங்கை இதழியல் கல்லூரி 2004இல் தொடங்கியது, கொழும்பில் இருக்கிறது, தமிழிலும் டிப்ளோமா படிக்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஊடக வளங்கள் பயிற்சி மையத்தையும் விசாரியுங்கள். பணம் வாங்கிக்கொண்டு மூன்று மாதத்தில் அறிவிப்பாளர் ஆக்குகிறோம் என்கிற இடங்களுக்குப் போக முதல், அங்கே படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள்.

இறுதி வருட ஆய்வுக்குத் தலைப்புக் கிடைக்கவில்லை. "சமூக ஊடகங்களின் தாக்கம்" என்று எடுக்கலாமா? (வளாக மாணவி, ஓர்ஸ் ஹில்)

எடுக்க வேண்டாம் பிள்ளை. அது கடல் அளவு, உங்களிடம் இருப்பது சில மாதங்கள். ஊருக்குள் இறங்குங்கள். ஜெர்மனியின் டொய்ச்ச வெல்லே வானொலி திருகோணமலையில் ஓர் அஞ்சல் (மறுஒலிபரப்பு) நிலையம் வைத்திருந்து, பின்னர் அதை இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கையளித்தது. அங்கே வேலை செய்தவர்களைத் தேடிப் பேசினாலே ஒரு நல்ல ஆய்வு. அல்லது அரச அலுவலக அறிவித்தல்கள் எந்தெந்த மொழியில் இருக்கின்றன, தமிழில் இருப்பது விளங்குகிற தமிழா என்று பாருங்கள்.

அலுவலகத் தகவல் வேண்டுமென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு பொது அதிகார சபையிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். தமிழிலேயே எழுதிக் கேட்கலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருகிறோமா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும். "மொழி பற்றிய விபரம் தருக" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும், எந்த வருடம், எந்த அறிவித்தல், எத்தனை பிரதி என்று கேளுங்கள். கொடுக்கும்போது கிடைத்ததற்கான அத்தாட்சியைத் திகதியுடன் வாங்கி வையுங்கள், மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்ய 14 நாள்தான் இருக்கிறது.