பாலிடெக்னிக் படித்தவன் மேலே வர முடியாதா?

கேள்வி: கோவை பக்கம் வால்வு தயாரிக்கும் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். டிப்ளமோ மெக்கானிக்கல், ஐந்தரை வருட அனுபவம், வயது 25. போன வருடம் பி.இ. முடித்து டிரெய்னியாக வந்த பையனுக்கு மைக்ரோமீட்டர் பிடிக்கவே நான்தான் கற்றுக்கொடுத்தேன். இந்த ஏப்ரலில் அவனுக்கு இன்ஜினீயர் கிரேடு கொடுத்துவிட்டார்கள். நான் அளந்து எழுதும் ரிப்போர்ட்டில் ‘சரிபார்த்தேன்’ என்று இப்போது அவன்தான் கையெழுத்துப் போடுகிறான். விசைத்தறி ஓட்டும் என் அப்பா, “வேலையை விட்டுட்டு காலேஜுக்குப் போ, நான் பாத்துக்கறேன்” என்கிறார். தங்கை கல்லூரியில் படிக்கிறாள். தெரிந்தவர் ஒருவர், ஒன்றேகால் லட்சம் கொடுத்தால் ஒன்றரை வருடத்தில் தபால் வழியில் பி.இ. வாங்கித் தருவதாகச் சொல்கிறார். டிகிரிக்கு உண்மையிலேயே மதிப்பு இருக்கிறதா அம்மா, இல்லை வெறும் காகிதமா?

பதில்: அன்புத் தம்பி, அந்தக் கையெழுத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்டி வர எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

நான் ஒரு பம்ப் கம்பெனியின் பணியாளர் பிரிவில் 24 வருடம் வேலை பார்த்தவள். அங்கே மெஷின் ஷாப்பில் ஐ.டி.ஐ. படித்த ஒரு அண்ணன் இருந்தார், மெஷினை வேலைக்குத் தயார் செய்து கொடுக்கும் செட்டர். லேத் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே “இன்சர்ட் (வெட்டும் கருவி) முனை உடைஞ்சிருக்கு, நிறுத்து” என்பார். நிறுத்திப் பார்த்தால் உடைந்திருக்கும். டிசைன் பிரிவு இன்ஜினீயர்கள் புது டிராயிங்கைச் சுருட்டி எடுத்துக்கொண்டு முதலில் அவரிடம்தான் வருவார்கள். “இந்த டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் வித்தியாசம்) எதுக்குங்க இவ்வளவு இறுக்கமா?” என்று அவர் கேட்டால், திருத்திக்கொண்டு வருவார்கள். அவர் பெயர் மூன்று முறை பதவி உயர்வுக் குழுவுக்குப் போனது. மூன்று முறையும் ‘கல்வித் தகுதி’ என்ற கட்டத்தில் நின்றுவிட்டது. சீனியர் ஆபரேட்டராகவே ஓய்வு பெற்றார். ‘விதிப்படி பரிசீலிக்க இயலவில்லை’ என்ற குறிப்பை மூன்று முறையும் டைப் செய்தது நான். அது அநியாயம் என்று அன்றைக்கே தெரியும். எதிர்த்து ஒரு வரி எழுதவில்லை என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

அதனால் ‘வெறும் காகிதம்’ என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் கைத்திறமைக்குப் பட்டம் எதையும் பெரிதாகச் சேர்க்கப் போவதில்லை. ஆனால் கிரேடு என்பது கம்பெனி எழுதி வைத்திருக்கும் விதி. அந்த விதிக்கு உங்கள் கையைப் பார்க்கத் தெரியாது, சான்றிதழைத்தான் பார்க்கும்.

ஏன் இப்படி என்றால், பட்டதாரிகள் அவ்வளவு பேர் கிடைக்கிறார்கள். மத்திய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சேர்க்கை விகிதம், அதாவது 18 முதல் 23 வயதுள்ளவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் உயர்கல்வியில் இருப்பவர்களின் அளவு, 47 சதவீதம். நாடு முழுவதற்குமான விகிதம் 28.4தான். நம் பிள்ளைகள் படிப்பது பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் ஒரு இடத்துக்கு முந்நூறு விண்ணப்பம் வந்தால், விண்ணப்பக் கட்டைப் பாதியாகக் குறைக்க எங்களைப் போன்றவர்களுக்கு எளிய வழி ‘பி.இ. மட்டும்’ என்று போடுவதுதான். ஒரு காலத்தில் டிப்ளமோ பையன்கள் செய்த வேலைக்கு இன்று பி.இ. கேட்பது இதனால்தான். இதே காரணத்தால் வெறும் பி.இ.யை வைத்துக்கொண்டு ஆபரேட்டர் வேலை தேடி அலைகிறவர்களும் இருக்கிறார்கள். பட்டத்தோடு ஐந்தரை வருடத் தொழிற்சாலை அனுபவமும் சேர்ந்த ஆள்தான் கிடைப்பதில்லை. நீங்கள் அந்த ஆளாக முடியும்.

அந்தத் ‘தபால் வழி பி.இ.’ மட்டும் வேண்டவே வேண்டாம். பொறியியலைத் தபால் வழியில் நடத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் தெளிவாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய ஒப்புதல் இல்லாமல் அப்படிக் கொடுத்த பட்டங்கள்தான் அந்த வழக்கில் சிக்கின. அந்தப் பட்டத்தை வைத்துப் பதவி உயர்வு வாங்கி, வருடக்கணக்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அவர்களாவது புத்தகம் வாங்கிப் பரீட்சை எழுதினார்கள். உங்களிடம் பேசும் ஆள் அதுகூட வேண்டாம் என்கிறார் போலிருக்கிறது. நாளைக்கு வேறு கம்பெனி மாறினாலோ வளைகுடாவுக்குப் போனாலோ சான்றிதழைப் பல்கலைக்கழகத்துக்கே அனுப்பிச் சரிபார்ப்பார்கள். போலி என்றால் வேலையோடு முடியாது, போலீஸ் வழக்கு வரை போகும். அப்பாவின் நண்பர்கள் யாராவது ஏ.எம்.ஐ.இ. (இன்ஸ்டிட்யூஷன் ஆஃப் இன்ஜினீயர்ஸ் அமைப்பு நடத்தும் தேர்வு) எழுதச் சொல்லலாம். முன்பு அது நல்ல வழிதான். ஆனால் 2013 மே மாதத்துக்குப் பிறகு பதிவு செய்தவர்களுக்கு அதைப் பட்டத்துக்கு இணையாக ஏற்பதில்லை.

அப்பா சொல்வதுபோல வேலையை விட்டுவிட்டு, லேட்டரல் என்ட்ரியில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம்தான். மூன்று வருடம் ஆகும். பத்தொன்பது வயதில் கேட்டிருந்தால் “போங்கள்” என்றிருப்பேன். இப்போது மூன்று வருடச் சம்பளமும் போகும், அனுபவமும் நின்றுபோகும், உங்கள் ஃபீஸும் தங்கை ஃபீஸும் அந்த ஒற்றைத் தறிச் சம்பளத்தின் மேல் விழும். “நான் பாத்துக்கறேன்” என்று அவர் சொன்னதே பெரிது தம்பி. அதை வாங்கிக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் இருப்பது கோவை. வேலையில் இருக்கும் டிப்ளமோக்காரர்களுக்காக மாலை நேர பி.இ. பல வருடங்களாக நடந்துவரும் ஊர் இது. அரசு தொழில்நுட்பக் கல்லூரி, பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, சி.ஐ.டி. (கோயம்புத்தூர் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி) என்று மூன்று இடத்திலும் விசாரியுங்கள். மூன்று, மூன்றரை வருடம் ஆகும். வேலை அனுபவச் சான்று கேட்பார்கள், அது உங்களிடம் இருக்கிறது. கல்லூரியைவிட ஷிஃப்ட்தான் உங்களுக்குப் பிரச்சினையாக இருக்கும். இரண்டாம் ஷிஃப்ட் போட்டால் வகுப்பு போச்சு. விண்ணப்பம் போடும் முன்பே மேனேஜரிடம் பேசி, படிப்பு முடியும்வரை முதல் ஷிஃப்டோ ஜெனரலோ தருவதாக எழுத்தில் வாங்கிவிடுங்கள். முதல் ஷிஃப்ட் என்றால் விடிவதற்கு முன்பே எழுந்து, வேலை முடித்து, மாலை வகுப்பில் உட்கார்ந்து, இரவு வீடு திரும்ப வேண்டும். முதல் வருடக் கணிதப் பேப்பர்தான் டிப்ளமோ பிள்ளைகளை மிரட்டும். அதற்கு இப்போதே யாரிடமாவது உட்கார ஆரம்பியுங்கள்.

ஒருவேளை அரசு வேலைதான் ஆசை என்றால் கணக்கே வேறு. ரயில்வே ஜூனியர் இன்ஜினீயர் தேர்வுக்கு உங்கள் டிப்ளமோவே போதும். குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பு, குரூப் 2-க்கு ஏதாவது ஒரு பட்டம். அதற்காக பி.இ. படித்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

எதற்கும் முன்னால், திங்கட்கிழமை உங்கள் எச்.ஆர். பிரிவில் போய் ஒன்று கேளுங்கள்: “டிப்ளமோவில் இருப்பவர் இன்ஜினீயர் கிரேடுக்கு வர என்ன விதி இருக்கிறது?” சில கம்பெனிகளில் இத்தனை வருட அனுபவம், ஒரு உள் தேர்வு என்று வழி வைத்திருப்பார்கள். கேட்காதவர்களுக்கு அதை யாரும் தேடி வந்து சொல்வதில்லை. நான் அந்த நாற்காலியில் இருந்தவள், அதனால் சொல்கிறேன். மாலை பி.இ. முடித்தால் கிரேடு மாறுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். மாறாது என்றால் படிப்பை நிறுத்த வேண்டாம். முடித்ததும் கம்பெனியை மாற்றுங்கள்.

அந்தப் பையன் மேல் கோபம் வேண்டாம். விதியை அவன் எழுதவில்லை. டிராயிங் படிப்பதில் உங்களுக்குத் தெரியாதது அவனுக்குத் தெரிந்திருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். மாலை வகுப்புக் கணிதத்துக்கு அவனே உதவக்கூடும்.

சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்றவரிடம் உங்கள் டிப்ளமோ அசல் மதிப்பெண் பட்டியலைக் கொடுத்துவைத்திருந்தால், இன்றைக்கே நேரில் போய்த் திரும்ப வாங்கிவிடுங்கள். தனியாகப் போக வேண்டாம், அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.