வெண்டிலேட்டரில் இருக்கும் கணவரிடம் அந்தப் பத்து நிமிடத்தில் என்ன பேசுவது?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) எழுதுகிறேன், சிஸ்டர். என் வீட்டுக்காரர் பச்சைத் தேயிலை ஏற்றிப் போன பிக்கப் வளைவில் கவிழ்ந்து தலையில் பலத்த அடி. கோயமுத்தூரில் ஐசியூவில் வெண்டிலேட்டர் வைத்து இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. காலையும் மாலையும் பத்து நிமிடம்தான் உள்ளே விடுகிறார்கள். இரண்டு கையையும் கட்டிலோடு கட்டியிருக்கிறார்கள், பார்க்கவே முடியவில்லை. நான் பேசினால் அவருக்குக் கேட்குமா? ஒன்பது வயது மகள் அப்பாவைப் பார்க்கணும் என்று அழுகிறாள், கூட்டிப் போகலாமா?

பதில்: முதலில் கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குடும்பத்தை அதிகம் உடைத்துப்போடுவது அதுதான். தண்டனையாகக் கட்டவில்லை. அவர் தொண்டைக்குள் போகும் குழாய் குரல் நாண்களுக்கு நடுவே இறங்குகிறது, அதனால் பேச்சு வராது, அரை மயக்கத்தில் இருப்பவருக்குத் தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி இருக்கும், கை தானாகவே அதைப் பிடுங்கப் போகும். ஒரு இழுப்பில் குழாய் வெளியே வந்தால் மூச்சு நின்றுபோகலாம். அதற்காகத்தான். ஆனால் நீங்கள் பக்கத்தில் நிற்கும் அந்த நேரத்துக்கு, "சிஸ்டர், நான் கையைப் பிடித்துக்கொள்கிறேன், ஒரு பக்கமாவது அவிழ்த்துவிடுவீர்களா?" என்று கேளுங்கள். நிலைமை இடம் கொடுத்தால் நானாக இருந்தால் அவிழ்த்துவிடுவேன், பலரும் செய்வார்கள். முடியாது என்றால் ஏன் என்று சொல்லச் சொல்லுங்கள், கட்டியிருக்கும் இடத்தில் தோல் சிவந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேட்குமா என்றால், கேட்கும் என்று வைத்துக்கொண்டே பேசுங்கள். தூங்க வைக்கும் மருந்து எவ்வளவு ஓடுகிறது, மூளை எவ்வளவு அடிபட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. பிழைத்து வந்தவர்களில் சிலர் யார் குரல் கேட்டது என்று சரியாகச் சொல்லியிருக்கிறார்கள், சிலருக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை. அதனால் உங்கள் கையை அவர் அழுத்தவில்லை என்றால் கேட்கவில்லை என்று அர்த்தமில்லை. அழுத்தினாலும் அது சில நேரம் உடம்பு தானாகச் செய்வதாக இருக்கும், அதைச் சிஸ்டரிடம் சொல்லிவிடுங்கள், அவர்கள் சோதித்துப் பார்ப்பார்கள்.

என்ன பேசுவது? "என்னைத் தெரியுதா? கண்ணைத் திறங்க" என்று திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள், பதில் சொல்ல முடியாதவருக்கு அது பாரம். உங்கள் பெயரைச் சொல்லி, தோளில் கை வைத்து, "இன்னைக்கு வியாழக்கிழமை, நீங்க ஆஸ்பத்திரியில இருக்கீங்க, வண்டி கவிழ்ந்துடுச்சு, குழாய் இருக்கிறதால பேச முடியல, நான் வெளியிலதான் இருக்கேன்" என்று சொல்லுங்கள். படுக மொழியிலேயே சொல்லுங்கள். மயக்கம் தெளியும் நாட்களில் பலர் குழம்பிப்போவார்கள், எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் பயப்படுவார்கள், அப்போது தாய்மொழிதான் முதலில் வரும். கீழே கோயமுத்தூரில் இருக்கும் சிஸ்டர்களுக்கு உங்கள் மொழி தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. அதனால் தண்ணீர், வலி, குளிர், பயப்படாதீங்க, இப்படிப் பத்து வார்த்தையைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கட்டில் பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். அவர் 'நீரு' என்று உதட்டை அசைத்தால் புரிந்துகொள்ள ஒருவர் வேண்டும் அல்லவா. பணம், கேஸ், வண்டி யார் தப்பு என்பதெல்லாம் கட்டில் பக்கத்தில் வேண்டாம்.

ஒருநாள் "இன்னைக்குத் தொடாதீங்க, பேசாதீங்க" என்று சொன்னால் மனசு நோகாதீர்கள். அடிபட்ட மூளை முதல் சில நாட்கள் வீங்கும். மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருக்கும்போது சின்னத் தொந்தரவு கூட அதை இன்னும் ஏற்றும். தலைமாட்டை முப்பது டிகிரி உயர்த்தி, கழுத்தை நேராக வைத்து, சத்தமில்லாமல் விடுவதே அன்றைக்கு வைத்தியம்.

பல வருடம் முன்பு ஒரு எஸ்டேட் தொழிலாளிப் பெண் வந்தார், விபத்துதான். முகம் வீங்கி, கண் மூடி, தலை முழுக்கக் கட்டு. கணவர் கால்மாட்டிலேயே நின்றுவிட்டார், "இது என் சம்சாரம் இல்லைங்க" என்றார். நான் போர்வையை விலக்கி வலது கையைக் காட்டினேன். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தேயிலைக் கறை, நகக்கண் வரை கருப்பு. வெந்நீரில் பஞ்சை நனைத்து அதைத் தேய்த்து எடுக்கத்தான் நான் கிண்ணத்தோடு நின்றிருந்தேன். அந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் அவர் அழ ஆரம்பித்தார். கறையை அப்படியே விட்டுவிட்டேன். அதற்கப்புறம் எந்தக் குடும்பம் வந்தாலும் "இவர் எப்படிப்பட்டவர், சொல்லுங்க" என்று நானே கேட்பேன். உங்களிடம் யாரும் கேட்கவில்லை என்றால் நீங்களே சொல்லுங்கள். வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்கள், எந்தப் பக்கம் படுப்பார், காது மந்தமா, கண்ணாடி போடுவாரா. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்க வைத்து, வாயைத் துடைத்து, கண் காயாமல் பார்ப்பது அந்தச் சிஸ்டர்தான், அவருக்கு இது வெறும் கதை இல்லை.

ஹெத்தையம்மன் கோயில் விபூதி கொண்டு போனால் நெற்றியில் பூச வேண்டாம், காயம் இருக்கிறது. சின்னக் கவரில் போட்டுக் கட்டில் கம்பியில் கட்டக் கேளுங்கள்.

டாக்டர் இரண்டு நிமிடம்தான் பேசுகிறார் என்றால், வீட்டில் ஒருவர் மட்டும் பேசட்டும், எழுதி வைத்துக் கேட்கட்டும். ஜிசிஎஸ், அதாவது நினைவு எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் மதிப்பெண், எவ்வளவு, நேற்றைவிடக் கூடியதா குறைந்ததா என்று கேளுங்கள். அது 3-லிருந்து 15 வரை போகும், குழாய் இருக்கும்வரை பேச்சுக்கான மதிப்பெண் போட முடியாது. அதனால் எண் குறைவாக இருப்பதை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள். மானிட்டரையும் பார்த்துக்கொண்டே நிற்காதீர்கள், இருமினாலே அது கத்தும். காப்பீட்டு அட்டை இருந்தால் இன்றே ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் காட்டிவிடுங்கள்.

மகள் விஷயம். ஆஸ்பத்திரி அனுமதித்தால், அவளும் விரும்பினால், கூட்டிப் போகலாம் என்பதுதான் என் கருத்து. பார்க்காத பிள்ளை அதைவிட மோசமாகக் கற்பனை செய்துகொள்ளும். ஆனால் முன்கூட்டியே சொல்லுங்கள்: முகம் வீங்கியிருக்கும், வாயில் குழாய் இருக்கும், மெஷின் சத்தம் போடும், அப்பா பதில் சொல்ல மாட்டார். "தூங்குகிறார்" என்று மட்டும் சொல்லாதீர்கள், அப்புறம் ராத்திரி தூங்கவே பயப்படுவாள். வாசலில் வந்து வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அவளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, தினமும் நடந்ததை அப்பாவுக்கு எழுதச் சொல்லுங்கள். டென்மார்க், ஸ்வீடன் பக்கம் ஐசியூ சிஸ்டர்களே நோயாளிக்கு இப்படி நாட்குறிப்பு எழுதுகிறார்கள், எழுந்து வந்தவர்களுக்குத் தொலைந்த நாட்களைத் திரும்பக் கோத்துக்கொள்ள அது உதவுகிறது. நாளைக் காலை உள்ளே போகும்போது அவள் எழுதிய முதல் பக்கத்தை அவர் காதருகே மெதுவாகப் படியுங்கள், போகும் வழியில் நீங்களும் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.