டாக்டர் படிப்பை விட்டுவிட்டுச் செடிகொடியா?

என்ன படிக்கலாம் என்று என்னிடம் ஆலோசனை கேட்கப் போன வாரம் வந்த குடும்பத்தில் அம்மா, அப்பா, பெரியப்பா மூவரும் பேசினார்கள்; படிக்கப்போகிற பெண் மட்டும் பேசவில்லை. நல்ல மார்க் வாங்குகிறவள், மருத்துவம் வேண்டாம், தாவர அறிவியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். "நீங்கதான் எடுத்துச் சொல்லணும்" என்றார் பெரியப்பா.

அவசரப்பட வேண்டாம், பேசிப் பார்க்கலாம் என்று நானும் வழக்கம்போல ஆரம்பித்தேன். அப்போது அவள் ஒரு நோட்டை நீட்டினாள். வெளிச்சத்தில் முளைத்த பயறு இத்தனை சென்டிமீட்டர், பெட்டிக்குள் இருட்டில் முளைத்தது இத்தனை. இருட்டில் இருப்பது ஏன் வெளுத்து, நெட்டையாக, இலை விரிக்காமல் நிற்கிறது? பக்கம் பக்கமாக அளவும் படமும். யாரும் கொடுத்த வீட்டுப்பாடம் இல்லை. அதோடு என் சமாதானப் பேச்சு நின்றுவிட்டது. பெற்றோரே, இனி வாதம் உங்களோடுதான்.

அந்தக் கேள்வி விளையாட்டு இல்லை. கடுகுக் குடும்பத்தில் அராபிடாப்சிஸ் என்று ஒரு களைச்செடி உண்டு. விதை போட்டு ஆறு வாரத்தில் அடுத்த விதை கிடைத்துவிடும். அதனால் தாவர மூலக்கூறு உயிரியலுக்கே அதுதான் சோதனைச் செடி. அதில் ஒரு குறிப்பிட்ட மரபணு பழுதானால், இருட்டிலும் வெளிச்சத்தில் இருப்பதுபோல இலையை விரித்துவிடுகிறது. அமெரிக்கத் தாவர உயிரியலாளர் ஜோஆன் கோரியும் கூட இருந்தவர்களும் 1989இல் வெளியிட்டது இது. அப்படியென்றால், இருட்டில் செடி வளரத் தெரியாமல் நிற்கவில்லை. பிரேக் போட்டு வைத்திருக்கிறது! டெட்-1 என்ற அந்த மரபணுவும் அதன் கூட்டாளி காப்-1உம் மனித உடலிலும் இருக்கின்றன. காப்-1ஐப் புற்றுநோய் ஆய்வாளர்கள் துருவிக்கொண்டிருக்கிறார்கள். இதைச் சொன்னதும் பெரியப்பா கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இந்தத் துறையின் பழக்கவழக்கமும் எனக்குப் பிடிக்கும். அராபிடாப்சிஸின் முழு மரபணுத் தொகுதியையும் பல நாட்டு ஆய்வகங்கள் கைகோத்துப் படித்து, 2000இல் எல்லோருக்கும் பொதுவாக வைத்தன. ஓர் ஆய்வகம் உருவாக்கிய, மரபணு மாறிய மாற்றுருச் செடியின் விதை, அமெரிக்காவின் ஒஹாயோவிலோ இங்கிலாந்தின் நாட்டிங்காமிலோ உள்ள விதை மையத்துக்குப் போகும். எங்கோ இருக்கும் மாணவர் அதைச் சிறு கட்டணத்தில் வரவழைத்து, முந்தையவர் சொன்னது சரிதானா என்று தானே வளர்த்துப் பார்க்கலாம்.

சரி, வேலை? விதை நிறுவனங்கள், பயிர்நோய் கண்டறியும் கூடங்கள், மரபணு வங்கிகள், காப்புரிமை அலுவலகங்கள் என்று இடம் இருக்கிறது. பேராசிரியர் நாற்காலிகள் குறைவு. முனைவர் பட்டத்துக்கு நாலைந்து வருடம், அதன் பிறகும் சில வருடம் தற்காலிக ஆய்வுப் பணி. இதைப் பெண்ணிடம் மறைக்கக் கூடாது, மறைக்கவும் இல்லை.

பணத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முனைவர் பட்டத்துக்குக் கடன் வாங்காதீர்கள். உதவித்தொகை கிடைக்காத இடம் என்றால் அந்த இடமே வேண்டாம். 'உயிரித் தொழில்நுட்பம்' என்று பளபளப்பாகப் பெயர் வைத்து, கட்டணத்தை ஏற்றி, திரவம் அளந்து எடுக்கும் பிப்பெட்டை ஆசிரியர் மட்டுமே கையில் பிடிக்கும் படிப்புகள் இருக்கின்றன. சேரும் முன் கடைசி வருட மாணவரைப் பிடித்து, "உன் கையால் எத்தனை சோதனை செய்தாய்?" என்று கேளுங்கள். இளங்கலையில் உயிரியலும் வேதியியலும் அகலமாக இருந்தால் போதும். கோரியே முனைவர் பட்டம் வாங்கியது நுண்ணுயிரியலில்தான், தாவரத்தில் இல்லை. அப்புறம் புள்ளியியலும் கொஞ்சம் நிரல் எழுதவும் கட்டாயம் வேண்டும். செடி பிடிக்கும், கணக்கு பிடிக்காது என்பது இங்கே செல்லாது.

பிடிக்காமல் மருத்துவம் சேர்ந்து நடுவில் விட்டால் எவ்வளவு நஷ்டம் என்று அப்பாவையே கணக்குப் போடச் சொன்னேன். போட்டார். பிறகு பேசவில்லை.

பெண்ணிடம் ஒரு குறை சொன்னேன்: ஒவ்வொரு பெட்டியிலும் ஒரே ஒரு விதை போட்டிருக்கிறாள். ஒன்றை வைத்து எதையும் சொல்ல முடியாது. அடுத்த முறை வெளிச்சத்தில் இருபது, இருட்டில் இருபது என்று விதைத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். வெளிச்சம் புகாத பெட்டி தேடித் தருவது பெரியப்பாவின் வேலை.